அமெரிக்காவில் நாலு நாள் மிச்சம் இருக்கிறது, எங்கே போவது? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் குடியிருக்கிறேன். வருடத்துக்கு நாலைந்து முறையாவது ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வந்துவிடும்: "ஆபீஸ் வேலையா வரேன், வேலை முடிஞ்சப்புறம் நாலு நாள் ஃப்ரீ. எங்க போலாம்?" கூடவே ஒரு பட்டியலும் வரும். கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், ஹாலிவுட், யோசெமிட்டி, முடிந்தால் நயாகரா. அந்த 'முடிந்தால்' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். சான் ஹோசேக்கும் நயாகராவுக்கும் இடையில் உள்ள வான்வழித் தூரம், சென்னை–டெல்லி தூரத்தைப் போல இரண்டு மடங்கு.

சிரிக்கிற யோக்கியதை எனக்கும் கிடையாதுதான். அப்பா அம்மா முதல்முறை வந்திருந்தபோது, ஒரு டிசம்பர் மாதம், வேகாஸிலிருந்து ஒரே நாளில் கிராண்ட் கேன்யன் போய்த் திரும்புவதாகத் திட்டம் போட்டேன். மேப்பில் நாலரை மணி நேரம் என்று காட்டியது. காலையில் நிதானமாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினோம். போகிற வழியில் ஹூவர் அணையில் முக்கால் மணி நேரம். கிங்மன் என்ற ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு இன்னொரு முக்கால் மணி நேரம். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நெவாடாவைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்ததும் செல்போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதித்ததை நான் கவனிக்காமல் விட்டதைத் தவிர. குளிர்காலத்தில் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு. கோடையில் கிடையாது, ஏனென்றால் அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. நாங்கள் வண்டியை நிறுத்திவிட்டுப் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு ஓடியபோது மணி ஐந்து பத்து. ஐந்தேகால் வாக்கில் சூரியன் போய்விட்டது. அப்பா கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பள்ளம் பெருசாத்தான் இருக்கும் போல. இருட்டுல என்னத்தப் பார்க்க?" என்றார். அப்புறம் நாலரை மணி நேரம் இருட்டில் திரும்பி வந்தோம். அந்த ரோட்டில் இரவில் எல்க் மான்கள் குறுக்கே வரும் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. கணக்குப் போடத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த இடம் அழகு என்று யோசிப்பதற்கு முன்னால், அங்கே பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் நிற்கப் போகிறோம் என்று பார்த்துவிட்டால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

படி 1: நாலு நாளில் எத்தனை நாள் நிஜமான நாள்?

போன வருடம் வந்த நண்பன் ஒருவனையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அக்டோபர் நடுவில் வந்தான். திங்கள் முதல் புதன் வரை சான் ஹோசேயில் ஆபீஸ் வேலை. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விமானம். "வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, மொத்தம் நாலு நாள்" என்றான்.

வியாழன் காலை ரூமைக் காலி செய்து, வாடகைக் கார் எடுத்து, ஊரை விட்டு வெளியே வரும்போது மணி பதினொன்று ஆகிவிடும். ஞாயிறு ஒன்பது மணி விமானத்துக்கு ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், அதாவது ஐந்து மணிக்குக் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆக, அவனிடம் உண்மையில் இருந்தது வெள்ளி, சனி இரண்டு முழு நாளும், முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அரை நாளும்தான். அந்த மாதத்தில் பகல் வெளிச்சம் சுமார் பதினொரு மணி நேரம். சாப்பாடு, பெட்டி கட்டுவது எல்லாம் போக, பயணத்தையும் சேர்த்து அவன் கையில் முப்பது மணி நேரம் இருந்ததாக வைத்துக்கொண்டோம்.

இந்த முப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக்குவரத்துக்கே போகிறது என்றால் அந்த இடத்தை அடித்துவிடுவது என் வழக்கம். எங்கேயும் எழுதி வைத்த விதி அல்ல. பல தடவை சூடு பட்டதில் கற்றுக்கொண்டது.

இந்தியாவிலிருந்து நேராக வந்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு கழித்தல் இருக்கிறது. கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரமும் வித்தியாசம். பிற்பகல் மூன்று மணிக்கு உடம்பு நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருக்கும். மிச்ச நாட்கள் பயணத்தின் தொடக்கத்தில் வருகிறதென்றால் முதல் இரண்டு நாள் நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். ஆபீஸ் தேதியை மாற்ற முடியுமானால் மிச்ச நாட்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

படி 2: நிற்கிற இடத்திலிருந்து ஒரு வட்டம்

மேப்பைத் திறந்து, நீங்கள் இருக்கும் ஊரை நடுவில் வைத்து, நாலு மணி நேரக் கார் பயணத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சான் ஹோசேயிலிருந்து பார்த்தால் மான்டரே ஒன்றேகால் மணி நேரம். பிக் சர் கடற்கரையில் எல்லோரும் படம் எடுக்கும் பிக்ஸ்பி பாலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு 190 மைல், நாலு மணி நேரம். மலை ஏரியான லேக் டாஹோவும் அதே அளவுதான். இவை நாலும் வட்டத்துக்குள் வருகின்றன.

லாஸ் ஏஞ்சலஸ் 340 மைல், ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். வட்டத்துக்கு வெளியே. "விமானத்தில் ஒண்ணேகால் மணி நேரம்தானே?" என்பார்கள். வீட்டிலிருந்து ஏர்போர்ட், பாதுகாப்புச் சோதனை, அந்தப் பக்கம் வாடகைக் கார் நிறுவனத்தின் பஸ், அங்கே வரிசை, அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் டிராஃபிக். கதவிலிருந்து கதவுக்கு ஐந்து மணி நேரம் ஆகிவிடும். விமானத்துக்கு எப்போதும் ஐந்து மணி நேரம் என்று கணக்கில் வைத்தால் ஏமாற மாட்டீர்கள்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு வட்டத்தின் கணக்கே வேறு. நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியா, வாஷிங்டன், பாஸ்டன் மூன்றுக்கும் ஆம்ட்ராக் ரயில் இருக்கிறது. வாஷிங்டனுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். ஊருக்கு நடுவில் ஏறி ஊருக்கு நடுவில் இறங்கலாம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமே கிடையாது. கார் ஓட்டத் தயங்குபவர்களுக்கு அமெரிக்காவில் இதைவிடச் சுலபமான மூன்று நாள் கிடையாது. நியூயார்க்கிலிருந்து நயாகரா மட்டும் தந்திரமானது. ஒரே மாநிலம்தானே என்று கிளம்பிவிடுவார்கள். 400 மைல், காரில் ஏழு மணி நேரம். பஃபலோவுக்கு விமானத்தில் போய் ஓர் இரவு தங்குவதுதான் நல்லது. இன்னொன்று, அருவியை முழுதாக நேரெதிரில் பார்க்கும் காட்சி கனடா பக்கம்தான் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும், திரும்ப அமெரிக்காவுக்குள் நுழையவும் உங்கள் விசா இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்கப் பக்கத்திலிருந்து அருவியின் தோளருகே நிற்கலாம். படகும் இருக்கிறது, ஆனால் அது குளிர்காலத்தில் ஓடாது.

டெக்சாஸில் மாட்டிக்கொண்டவர்கள் ஹூஸ்டனிலிருந்து ஆஸ்டின், சான் அன்டோனியோ என்று வட்டம் போட்டுக்கொள்ளலாம். மூன்றுக்கும் இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எங்கும் இல்லை.

படி 3: எந்த மாதம்?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இணையத்தில் பார்க்கிற படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று அதில் எழுதியிருக்காது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள யோசெமிட்டி அருவி மொத்தம் 2,425 அடி. மே, ஜூன் மாதங்களில் பனி உருகி அந்த அருவி கொட்டும் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அதே அருவியை ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பார்த்தால் பாறையில் ஒரு கறுப்புக் கோடுதான் இருக்கும், தண்ணீர் பெரும்பாலும் வற்றிவிடும். என் பெரியப்பா பையன் செப்டம்பரில் போய்விட்டு, "குத்தாலத்துல சீசன் இல்லாதப்ப போன மாதிரி இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான் விஷயம். அதற்கும் சீசன் உண்டு.

இதற்கு நேர் எதிராக நடந்துகொள்வது அதே பூங்காவின் டயோகா ரோடு. 9,900 அடிக்கு மேல் ஏறும் அந்த மலைப்பாதை பனியால் நவம்பர் வாக்கில் மூடினால் மே கடைசி அல்லது ஜூனில்தான் திறக்கும், சில வருடங்களில் இன்னும் தாமதமாகும். ஆக, மே மாதம் போனால் அருவி உண்டு, மேல் ரோடு இல்லை. அக்டோபரில் போனால் மேல் ரோடு உண்டு, அருவி இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் நாட்கள் ஜூனில் கொஞ்சம்தான், அப்போது கூட்டமும் உச்சத்தில் இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை, ஆகஸ்ட்டில் கோடை என்று நம்பி டீ ஷர்ட்டோடு போய் நடுங்காதீர்கள். அந்த மாதங்களில்தான் கடல்மூடுபனி கோல்டன் கேட் பாலத்தை விழுங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர்தான் அந்த ஊரின் நல்ல மாதங்கள். டெத் வேலி நேர்மாறு. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே போகும் அந்த இடத்தில் 1913-ல் 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. நவம்பர் முதல் மார்ச் வரை தாராளமாகப் போகலாம், கோடையில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். லேக் டாஹோவுக்குக் குளிர்காலத்தில் போவதானால் டயருக்குச் சங்கிலி கேட்பார்கள். வாடகைக் கார்க்காரர்கள் பலர் சங்கிலி போடவே அனுமதிப்பதில்லை, அதனால் பனிப்பொழிவு எச்சரிக்கை இருக்கும்போது அந்த யோசனையையே விட்டுவிடலாம்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை அதன் பெரும்பாலான சாலைகளில் கார் போக முடியாது. திறந்திருக்கும் காலத்திலும் அது ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். மூன்று முழு நாளாவது அங்கே இருக்கவில்லையென்றால் போகாமல் இருப்பதே மேல்.

கிராண்ட் கேன்யனில் தென் விளிம்பு வருடம் முழுக்கத் திறந்திருக்கும். வட விளிம்பு குளிர்காலத்தில் மூடிவிடும். தென் விளிம்பே 7,000 அடி, ஏறத்தாழ நம் ஊட்டி உயரம். பாலைவனத்துக்குத்தானே போகிறோம் என்று ஸ்வெட்டர் இல்லாமல் டிசம்பரில் போனால் பனியில் நிற்க வேண்டியிருக்கும்.

கலிபோர்னியாவில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை காட்டுத்தீப் புகை இன்னொரு தலைவலி. தீ நூறு மைல் தள்ளி எரிந்தாலும் பள்ளத்தாக்கில் புகை வந்து தேங்கிவிடும். கிளம்புவதற்கு முதல் நாள் ஏர்நவ் என்ற அரசு இணையதளத்தில் காற்றின் தரத்தைப் பார்த்துவிடுங்கள். பிக் சர் போகிறவர்களுக்குப் பிரச்சினை மண்சரிவு. 2023 ஜனவரியில் அங்கே கடலோரச் சாலையான ஹைவே 1 மூடியபின் இரண்டு வருடத்துக்கும் மேல் வடக்கிலிருந்து தெற்கு வரை நேராகப் போக முடியாமல் இருந்தது. கலிபோர்னியாவின் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் இணையதளத்தில் ரோடு எண்ணைப் போட்டால் எங்கே மூடியிருக்கிறது என்று வந்துவிடும்.

விடுமுறைகளையும் பாருங்கள். மே கடைசித் திங்கள், ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள், நவம்பர் நாலாவது வியாழன். இந்த நாட்களை ஒட்டிய வார இறுதிகளில் அமெரிக்கர்கள் எல்லோரும் ரோட்டில்தான் இருப்பார்கள்.

படி 4: கூட யார் வருகிறார்கள்?

தனியாக வந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். அப்பா அம்மாவோடு போகிறவர்கள் மட்டும் நின்று படியுங்கள்.

வயதானவர்களுக்கு இரண்டு விஷயம் முக்கியம்: முழங்கால், பாத்ரூம். யோசெமிட்டியில் டனல் வியூ என்ற இடத்தில் காரை விட்டு இறங்கினாலே எல் கேப்பிட்டன் பாறை, ஹாஃப் டோம் பாறை, பிரைடல்வெயில் அருவி மூன்றும் எதிரில் நிற்கும். கீழ் யோசெமிட்டி அருவிக்கு ஒரு மைல் சுற்று நடைபாதை, பெரும்பாலும் சமதளம். பள்ளத்தாக்குக்குள் இலவச பஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் பெரியவர்களுக்கு அது தோதான இடம். வெர்னல் அருவிக்கான பாதை அப்படி அல்ல. பாலம் வரை போய்வர 1.6 மைல்தான் என்று பலகை சொல்லும், ஆனால் 400 அடி ஏற்றம். என் அம்மா பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே ஸ்லோகம் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார். பக்கத்தில் ஒரு அணில் முறுக்குக்காகக் காத்திருந்தது.

முறுக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. யோசெமிட்டியில் இருட்டியபின் காருக்குள் சாப்பாட்டுப் பொருள் எதையும் வைக்கக்கூடாது. கரடி வந்து கதவைப் பிய்த்துவிடும், அபராதமும் உண்டு. புளியோதரை, ஊறுகாய், முறுக்கு டப்பா, வாசனையுள்ள சோப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ரூமுக்குள் எடுத்துப் போய்விடுங்கள் அல்லது அங்கே இருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்கள் கூட இருந்தால், பூங்காவுக்கு வெளியே உள்ள சின்ன ஊர்களில் பீட்சாவும் உருளைக்கிழங்கும்தான் என்று தயாராகப் போங்கள். சின்ன ரைஸ் குக்கரைத் தூக்கிப் போவதைக் கேலி செய்கிறவர்களும் இரண்டாம் நாள் தயிர்சாதத்துக்குத் தட்டை நீட்டுவார்கள்.

கார் ஓட்ட யார் இருக்கிறார்கள் என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். ஊரிலிருந்து வந்தவர் இந்திய லைசென்ஸை வைத்துக் கலிபோர்னியாவில் ஓட்டலாம். ஆனால் முதல்முறை வலது பக்கம் ஓட்டுகிறவர் முதல் நாளே மலைப்பாதையில் இறங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரை எடுக்கும்போது, அடுத்தவர் வண்டிக்கோ உடம்புக்கோ சேதம் வந்தால் ஈடு கொடுக்கும் இன்ஷூரன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். ஓட்ட ஆளே இல்லையென்றால் மெர்சட் ஊர் வரை ரயிலில் போய், அங்கிருந்து யார்ட்ஸ் பஸ்ஸில் யோசெமிட்டிக்குள் போகலாம். நிதானமான பயணம், ஆனால் தலைவலி இல்லை.

படி 5: ரூம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்

பொதுவாக இடத்தை முடிவுசெய்து, லீவு சொல்லி, குடும்பத்தில் எல்லோரிடமும் அறிவித்துவிட்டு, அப்புறம்தான் ரூம் தேடுகிறோம். யோசெமிட்டிக்கு உள்ளே இருக்கும் ரூம்களுக்கு ஒரு வருடம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்குக் கிடைப்பது எல் போர்ட்டல், மாரிபோசா, ஓக்ஹர்ஸ்ட், க்ரோவ்லேண்ட் போன்ற வெளியூர்கள்தான். இவற்றில் எல் போர்ட்டல் வாசலருகே இருக்கிறது. ஓக்ஹர்ஸ்டிலிருந்து பள்ளத்தாக்குக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தினமும் போய்வர மூன்று மணி நேரம் என்றால் நம் முப்பது மணி நேரக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். அதனால் இரண்டு இடம் சமமாகத் தோன்றினால், எதற்கு அருகில் ரூம் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகாஸில் கதை வேறு. வாரநாளில் ரூம் மலிவு, வெள்ளி, சனியில் அதே ரூம் பல மடங்கு. வாடகைக்கு மேல் தனியாகப் போடும் ரிசார்ட் ஃபீ, பார்க்கிங் எல்லாம் சேர்த்த மொத்தத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

பூங்காக் கட்டணத்தில் 2026 தொடக்கம் முதல் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன், ஸையன் உட்பட பதினொரு பிரபலப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் தர வேண்டும். வழக்கமான கட்டணம் காருக்கு 35 டாலர்தான், அது ஏழு நாளுக்குச் செல்லும். வருடாந்திரப் பாஸ் இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். நாலு பேர் ஊரிலிருந்து வந்திருந்தால் கணக்கு எங்கே போகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பூங்காத் துறையின் இணையதளத்தில் பாஸ் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். பல பூங்கா வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். யோசெமிட்டிக்குள் நுழையவே முன்பதிவு வேண்டும் என்ற விதியும் வருடத்துக்கு வருடம் மாறும்: 2022-ல் இருந்தது, 2023 கோடையில் இல்லை, 2024-ல் திரும்ப வந்தது. போன வருடம் போனவர் சொல்வதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

காசை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு மான்டரேயும் பிக் சரும் நல்ல இடங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கேட்காத கடற்கரை நிறைய இருக்கிறது. மான்டரே மீன்காட்சியகம், 17 மைல் டிரைவ் என்ற தனியார் சாலை போன்றவை காசு கேட்கும். கடல்நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தபடி வயிற்றில் கல்லை வைத்துச் சிப்பியை உடைப்பதைக் கரையிலிருந்தே சும்மா பார்க்கலாம்.

படி 6: வீட்டில் ஒத்துப்போகவில்லையா?

மனைவிக்கு டாஹோ, பிள்ளைகளுக்கு டிஸ்னி, அப்பாவுக்கு ஏதாவது ஒரு கோயில். எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, ஊர்ப் பெயரை எழுதாமல், என்ன செய்ய ஆசை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் "தண்ணி", "பனி", "பெரிய மரம்", "காலைல லேட்டா எழுந்துக்கணும்" என்று வந்தது. தண்ணீரும் பெரிய மரமும் ஒரே பக்கத்தில் இருந்தன, சண்டை முடிந்தது. டிஸ்னி என்று யாராவது அடம்பிடித்தால் அதை ஒரு பூங்காவோடு ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். அது தனி ஊர், தனிப் பயணம், இரண்டு நாள் முழுக்க அங்கேயே போய்விடும்.

ஓர் இரவுக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே போகிற திட்டத்தையும் இந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை பெட்டி கட்டி, ரூம் காலி செய்து, அடுத்த ஊரில் மூன்று மணிக்குச் சாவி வாங்கும்போதும் அரை நாள் கரைகிறது. நாலு நாளுக்கு ஒரு தங்கல் போதும், மிஞ்சிப்போனால் இரண்டு.

படி 7: நண்பனுக்கு என்ன சொன்னேன்?

அக்டோபர் நடு, தனி ஆள், கார் ஓட்டுவான், முப்பது மணி நேரம். லாஸ் ஏஞ்சலஸ் போய்வரப் பன்னிரண்டு மணி நேரம், அடித்தாயிற்று. டாஹோவும் யோசெமிட்டியும் எட்டு எட்டு மணி நேரம். மான்டரே மூன்று. அருவி வற்றியிருக்கும் என்று சொன்னேன், அவனுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. எல் போர்ட்டலில் வியாழன் முதல் மூன்று இரவுக்கு ரூம் கிடைத்தது, அதோடு முடிவாகிவிட்டது.

வியாழன் மாலை நாலு மணிக்குள் டனல் வியூவில் நின்றான். வெள்ளி முழுக்கப் பள்ளத்தாக்கு. சனிக்கிழமை விடிந்ததும் டயோகா ரோட்டில் ஏறி ஓம்ஸ்டெட் பாயிண்ட், டெனாயா ஏரி, டுவாலமி புல்வெளி. டெனாயா ஏரியில் காற்று ஓய்ந்திருந்த நேரத்தில் மலை தலைகீழாகத் தண்ணீரில் நின்றதைப் படம் எடுத்து அனுப்பினான். கூட வேறு எதுவும் எழுதவில்லை.

கிராண்ட் கேன்யன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்ற என் விதி இதில் உடையும், தெரிந்தே உடையுங்கள். புதன் இரவே வேகாஸுக்குப் பறந்துவிடுங்கள், அப்போதுதான் பகல் மிஞ்சும். வியாழன் காலை ஆறரைக்குக் கிளம்பி தென் விளிம்புக்கு 280 மைல். டுசாயன் என்ற ஊரில் இரண்டு இரவு தங்குங்கள், அது பூங்கா வாசலை ஒட்டியே இருக்கிறது. சூரியன் உதிக்கும்போது மேதர் பாயிண்ட்டில் நில்லுங்கள். கீழே ஒரு மைல் ஆழத்தில் கொலராடோ ஆறு ஓடுகிறது, ஆனால் அங்கிருந்து ஆறு சரியாகத் தெரியாது. கிழக்கே டெசர்ட் வியூ கோபுரம் வரை போனால் தெரியும். பாறை ஒவ்வொரு அடுக்காக நிறம் மாறுவதைப் பார்க்க ஒரு முழு நாளாவது அங்கே உட்கார வேண்டும். எங்கள் அப்பாவை மூன்று வருடம் கழித்து இப்படித்தான் திரும்பக் கூட்டிப்போனேன். அந்தமுறை அவரை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. வேகாஸில் 'கிராண்ட் கேன்யன் வெஸ்ட்' என்று விற்பார்கள், இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக் அங்கேதான் இருக்கிறது, 2007-ல் திறந்தார்கள். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்கா அல்ல. உங்கள் பூங்காப் பாஸ் அங்கே செல்லாது, டிக்கெட் தனி. நீங்கள் படங்களில் பார்த்த அந்த அகன்ற காட்சியும் பெரும்பாலும் தென் விளிம்பில் எடுத்ததுதான். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் வெஸ்ட் போகலாம், தப்பில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

கிளம்புவதற்கு முந்தின இரவு

மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இருக்காது, ரூம் முகவரி மின்னஞ்சலில் மாட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. வெளியே கடைசி ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். சான் பிரான்சிஸ்கோ வழியாகப் போகிறவர்கள் காருக்குள் பையை விட்டு இறங்க வேண்டாம், பாஸ்போர்ட் இருக்கும் பையைக் கட்டாயம் விடக்கூடாது. கண்ணாடியை உடைத்து எடுக்கத் திருடர்களுக்குப் பத்து வினாடி போதும்.

திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் பூங்காவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் 205, 580 ஹைவேக்களில் ஊரே திரும்பி வந்துகொண்டிருக்கும். சீக்கிரம் வந்துவிட்டால் வழியில் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம், 580-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சீட்டு எழுதிப் போட்ட அப்பாவின் கணக்கும் தீரும். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் சீட்டுக்கு அடியில் ஒருமுறை கைவிட்டுப் பாருங்கள். யாராவது ஒருவருடைய சார்ஜர் அங்கேதான் கிடக்கும்.